நானுஓயாக் குளிரில் பழைய எம்ஜிபி: ஹீட்டர் சூடேறவில்லை, காலடியில் ஈரம்

நானுஓயா ரோட்ஸ்டர் | ஜனவரி 9, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1972 எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1798 சிசி, துணிக்கூரை வண்டி. கொழும்பில் பல வருடம் ஓடிவிட்டு மூன்று வருடத்துக்கு முன் என் கைக்கு வந்தது. அங்கே இருந்தவரை ஹீட்டரை யாரும் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே நானுஓயா மலையில் இந்த மாதம் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. மாதம் இரண்டு முறை அம்மாவை காலை ஐந்தரைக்கு நுவரெலியாவுக்கு கிளினிக்குக் கூட்டிப் போக வேண்டும். அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுவேன். நேற்று வழியில் பிளாக்பூல் பக்கம் முன்னால் போன லொறியின் பின்விளக்கு எனக்குக் கடைசி நிமிடத்தில்தான் தெரிந்தது. அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

பிரச்சினை இதுதான். ஹீட்டரை முழுதாகத் திறந்து இருபது நிமிடம் ஓட்டினாலும் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது. இடது பக்கக் கார்பெட் எப்போதும் ஈரம். கண்ணாடியின் உட்பக்கம் துடைக்கத் துடைக்க எண்ணெய் மாதிரி ஒரு படலம். ரேடியேட்டருக்கு வாரம் ஒருமுறை அரை லீட்டர் அளவு ஊற்ற வேண்டியிருக்கிறது.

ஒரு கராஜில் காட்டினேன். "ஹீட்டர் கோர் போய்விட்டது, இரண்டு ஹோஸையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துவிடுவோம், வேலை முடிந்தது" என்றார்கள். கோர் என்றால் எஞ்சினின் சூடான தண்ணீர் ஓடி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர். சம்மதிப்பதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

கொழும்புத் தெற்கு | ஜனவரி 9, இரவு 9.55

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. என் வண்டியிலும் அப்படித்தான் செய்தேன், இருபது நிமிட வேலை. கோர் ஒழுகினால் கூலன்ட் கார்பெட்டில் இறங்கும், அப்புறம் தளத் தகடு துரு பிடிக்கும். பழைய எம்ஜிபியில் தளத்தைத் தகடு வெட்டி ஒட்டுகிற செலவு ஹீட்டரைவிடப் பல மடங்கு. முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள். ஹீட்டரைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

ஹட்டன் பழைய கை | ஜனவரி 10, காலை 6.10

தம்பி, கொழும்புக்கு அந்தப் பதில் சரி. நானுஓயாவுக்குச் சரியில்லை. இங்கே ஹீட்டர் காலைச் சூடாக்குவதற்கு மட்டும் இல்லை, கண்ணாடியைத் தெளிய வைப்பதற்கு. துணிக்கூரை வண்டியில் இரண்டு பேர் மூச்சு விட்டாலே கண்ணாடி வெளுத்துவிடும். வெளியே மூடுபனி, உள்ளேயும் மூடுபனி என்றால் ஓட்டுகிறவன் எதைப் பார்ப்பான்? ஹோஸைச் சேர்த்துவிட்டு "பிறகு பார்க்கலாம்" என்று விட்ட வண்டி எதுவும் திரும்பி வந்ததை நாற்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. இந்த வண்டிகள் வந்த ஆரம்ப வருடங்களில் ஹீட்டர் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருந்தது. உங்கள் வண்டியில் அது இருக்கிறது. இருப்பதைக் கழற்றி எறியாதீர்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். எதையும் கழற்ற வேண்டாம். வண்டியைப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, எஞ்சின் ஓடும்போதே ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் அதிலிருந்து வரும் ஹோஸையும் கையால் தொட்டுப் பாருங்கள். விசிறியில் சட்டைக் கை மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் தண்ணீர் நன்றாக ஓடுகிறது, கோளாறு காற்றுப் பக்கம். போவது சூடு, வருவது குளிர் என்றால் கோர் அடைபட்டிருக்கிறது, அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் ஹீட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு திறக்கவில்லை, அல்லது எஞ்சினே சூடாகவில்லை. வெப்பமானி ஊசி எங்கே நிற்கிறது என்றும் சொல்லுங்கள்.

பண்டாரவளைக் காற்று | ஜனவரி 10, காலை 8.30

ஈரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. என்னுடையது 1991 மஸ்டா ரோட்ஸ்டர். எனக்கும் கார்பெட் ஈரமாகி, ஹீட்டர் கோர்தான் என்று பயந்து டேஷ்போர்டைக் கழற்றும் அளவுக்குப் போனேன். கடைசியில் துணிக்கூரைக்குப் பின்னால் இருக்கும் மழைநீர் வடிகால் அடைபட்டிருந்தது. உங்களுடைய வண்டியின் அமைப்பு வேறு. ஆனால் ஈரம் என்றதும் கூலன்ட் என்று முடிவு கட்டாதீர்கள். வெள்ளைத் தாளை ஈரத்தில் அழுத்திப் பாருங்கள். கூலன்ட் என்றால் நிறம் ஒட்டும், விரலில் வழுக்கும், இனிப்பு வாசம் வரும். மழைத்தண்ணீர் என்றால் மண் வாசம்தான்.

நாக்கில் வைத்துப் பார்க்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கோல் விஷம். வீட்டில் நாய், பூனை இருந்தால் சிந்தியதைக் கழுவிவிடுங்கள், அந்த இனிப்புக்கு அவை நக்கும்.

நானுஓயா ரோட்ஸ்டர் | ஜனவரி 11, மாலை 5.45

பழைய கை ஐயா, சொன்னபடி பார்த்தேன். போகும் ஹோஸ் வெதுவெதுப்பு. வரும் ஹோஸ் ஏறக்குறையக் குளிர். வெப்பமானி ஊசி நடுவுக்கு வருவதே இல்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஏற்றத்தில் கொஞ்சம் எழும்பும், இறக்கத்தில் திரும்பக் கீழே போய்விடும். எஞ்சின் நல்ல ஆரோக்கியம், சூடே ஆகவில்லை என்று இவ்வளவு நாளும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பண்டாரவளை அண்ணே, தாள் வைத்துப் பார்த்தேன். கார்பெட் ஈரத்தில் நிறம் இல்லை, வழுக்கவில்லை. ஆனால் கண்ணாடிப் படலத்தில் இனிப்பு வாசம் இருக்கிறது. இது எப்படி என்று புரியவில்லை.

ஹட்டன் பழைய கை | ஜனவரி 11, இரவு 7.30

உங்களிடம் ஒரு நோய் இல்லை தம்பி, மூன்று நோய். ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்வோம்.

ஊசி நடுவுக்கு வராத எஞ்சின் ஆரோக்கியமான எஞ்சின் இல்லை. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்கும் உறையைத் திறந்து பாருங்கள், உள்ளே ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். கீழ்நாட்டில் வண்டி சூடேறினால் முதலில் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடும் பழக்கம் உண்டு. அடைபட்ட ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக அது. அங்கே அது கோளாறை மறைக்கும். இங்கே எஞ்சினைக் குளிரிலேயே ஓட வைக்கும். பெற்றோல் கூடக் குடிக்கும், எண்ணெயில் ஈரம் சேர்ந்து சகதியாகும், ஹீட்டருக்குச் சூடான தண்ணீர் வராது. எஞ்சினில் இல்லாத சூட்டை ஹீட்டர் எங்கிருந்து எடுத்துத் தரும்?

திறக்கும்போது கவனம். அந்த உறையை மூன்று நட்டுகள் பிடித்திருக்கும். உறைக்கும் அதன் ஸ்டட்டுகளுக்கும் நடுவே வருடக்கணக்காக அரிப்பு பிடித்து ஒட்டிப்போயிருக்கும். அடித்துக் கழற்றினால் ஸ்டட் தலையோடு முறியும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் சூடு காட்டி, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். அவசரம் வேண்டாம்.

இரண்டாவது கண்ணாடிப் படலம். ஹீட்டர் வால்வு எஞ்சின் தலையின் பின்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அதன் கேஸ்கட் காய்ந்தாலோ உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்தாலோ சொட்டுச் சொட்டாகச் சூடான பிளாக்கின் மேல் விழுந்து அங்கேயே ஆவியாகிவிடும். தரையில் ஒரு துளி தெரியாது. டோர்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். ஆனால் அந்த ஆவி மட்டும் படலம் போடும் என்று நான் நினைக்கவில்லை. கோரிலும் மெல்லிய கசிவு இருக்கலாம், காற்று அதன் வழியாகத்தானே வருகிறது.

மூன்றாவது மழை. கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் சல்லடை இருக்கிறதே, அதில் விழும் மழை வெளியே போக ஒரு வடிகுழாய் உண்டு. கியர்பெட்டி சுரங்கத்துக்குள் இறங்கி, நுனியில் யானைத் தும்பிக்கை மாதிரி ரப்பர் தொங்கும். வண்டியை எந்த மரத்தின் கீழே நிறுத்துகிறீர்கள்?

நானுஓயா ரோட்ஸ்டர் | ஜனவரி 11, இரவு 7.52

சவுக்கு மரத்துக்குக் கீழே ஐயா.

ராகலைப் பொடியன் | ஜனவரி 12, காலை 7.15

கோரில் மெல்லிய கசிவுதான் என்றால் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டால் நின்றுவிடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சித்தப்பாவின் லொறியில் போட்டு நின்றது, நான் கண்ணால் பார்த்தேன். முட்டை வெள்ளைக்கருவும் ஊற்றுவார்கள். கழற்றுவதற்கு முன் அதை ஒருமுறை முயற்சி செய்யலாமே?

ஹட்டன் பழைய கை | ஜனவரி 12, காலை 9.00

நடுவழியில் லொறியை ஊர் கொண்டுவந்து சேர்க்க உங்கள் சித்தப்பா செய்தது சரி. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நின்றது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். தூள் போய் ஒரு ஓட்டையை அடைக்கிறது. அதற்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. முழு அமைப்பிலும் ஆகச் சிறிய வழி ஹீட்டர் கோரின் குழாய்கள்தான், அதிலும் தண்ணீர் மெதுவாக ஓடும் இடம். தூள் முதலில் அங்கேதான் தங்கும். கடையில் விற்கும் ஒழுக்கு நிறுத்தும் மருந்துகளுக்கும் இதே கதை. நம்முடைய நண்பருக்கு ஏற்கெனவே அடைப்பு, அதற்கு மேல் மஞ்சளா?

கண்டி மின்கம்பி | ஜனவரி 12, பகல் 1.10

தண்ணீர்ப் பக்கம் ஐயா பார்த்துக்கொள்வார். காற்றுப் பக்கத்தை நான் கேட்கிறேன். ப்ளோவர், அதாவது ஹீட்டர் விசிறி, போட்டால் காற்று உங்கள் முகத்தில் படுகிறதா, அல்லது சத்தம் மட்டுமா? இந்த ப்ளோவர் புதிதாக இருந்தபோதே பெரிய புயல் இல்லை. அதனால் அதற்குச் சேர வேண்டிய மின்சாரம் முழுதாகச் சேர வேண்டும்.

மல்டிமீட்டரை எடுத்து, விசிறி ஓடும்போது மோட்டரின் இரண்டு வயர்களுக்கும் நடுவே அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடினால் பற்றரியில் 13.5க்கு மேல் இருக்கும். மோட்டரிலும் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் நடுவில் எங்கேயோ தின்கிறது. பச்சை வயர் மின்சாரம், கறுப்பு வயர் எர்த். கறுப்பை முதலில் சந்தேகப்படுங்கள். பியூஸ் பெட்டியின் பித்தளைக் கவ்விகளையும் நீர்ப்பேப்பர் போட்டுத் தேய்த்துவிடுங்கள். நம் மலை ஈரத்தில் அவை பச்சை பூத்துவிடும்.

பியூஸ் மாற்றினால் ஒரு விஷயம். பழைய ஆங்கில வண்டிகளில் 35 அம்பியர் என்று எழுதியிருப்பது எரிந்து அறும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17தான். இன்றைய 35 அம்பியர் பியூஸை அதில் போட்டால் பியூஸுக்கு முன் வயர் எரியும்.

நானுஓயா ரோட்ஸ்டர் | ஜனவரி 14, மாலை 6.30

எல்லோருக்கும் தைப்பொங்கல் முன்வாழ்த்து. இரண்டு நாள் லீவு போட்டு வேலையில் இறங்கிவிட்டேன்.

மழைதான் முதலில். காய்ந்த கார்பெட்டோடு வண்டியை நிறுத்தி, சல்லடையில் ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். கீழே ஒரு துளி வரவில்லை. பத்து நிமிடத்தில் இடது காலடியில் ஈரம் வந்துவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்து அந்தத் தும்பிக்கையைப் பிடித்து அமுக்கினேன். சவுக்கு இலையும் மண்ணும் சேர்ந்த கறுப்புச் சகதி முகத்திலேயே விழுந்தது, இரண்டு கை அளவு இருக்கும். கம்பி விட்டுக் கிளறி, தண்ணீர் ஊற்றினேன். இப்போது ஊற்ற ஊற்ற ஓடுகிறது. கோர் போய்விட்டது என்று கராஜில் காட்டிய ஈரம் முழுவதும் மழைத்தண்ணீர்.

தெர்மோஸ்டாட் உறை இரண்டு இரவு எண்ணெயில் ஊறிய பிறகு முறியாமல் வந்தது. ஐயா சொன்னபடி உள்ளே ஒன்றும் இல்லை.

வால்வைச் சுற்றி வெள்ளை உப்பு. கேஸ்கட் விரல் பட்டதும் தூளாகிவிட்டது.

கண்டி அக்கா, மோட்டரில் 10.2 வோல்ட்தான். எர்த் வயரின் முனையைச் சுரண்டி, பியூஸ் கவ்விகளைத் தேய்த்த பிறகு 13.1. சத்தமே மாறிவிட்டது. ஆனாலும் கண்ணாடியில் காற்று அவ்வளவாக ஏறவில்லை.

கொழும்புத் தெற்கு | ஜனவரி 14, இரவு 8.05

அந்த ஈரம் கூலன்ட் என்று நானும் நினைத்தது தப்பு. மழை என்பது எனக்குத் தோன்றவே இல்லை, என் வண்டியிலும் நாளைக்கே ஊற்றிப் பார்க்கிறேன்.

தெர்மோஸ்டாட் வாங்கும்போது எத்தனை பாகை என்று பாருங்கள். 74, 82, 88 என்று மூன்று வகை இந்த எஞ்சினுக்கு உண்டு. வெப்ப நாடுகளுக்கு 74. நீங்கள் குளிர் ஊரில் இருப்பதால் 88 போட்டால் ஹீட்டர் இன்னும் சூடாக வரும்.

ஹட்டன் பழைய கை | ஜனவரி 14, இரவு 9.20

88 எனக்குப் பயம். குளிர் ஊர் என்பது சரி, உயர்ந்த ஊர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா 1868 மீட்டர். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரம் எடுக்கிறதே, அதே காரணம். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் கொதிநிலை 110க்கு மேல் போகும், பயமில்லை. ஆனால் ஐம்பது வருட வண்டியில் மூடியின் ரப்பர் எப்போது கைவிடும் என்று யாருக்குத் தெரியும்? 88 பாகையில் ஓடும்போது மூடி கைவிட்டால் நடுவில் இருப்பது ஆறே பாகை. றம்பொடை ஏற்றத்தில் அது ஒன்றுமே இல்லை.

82 போடுங்கள். ஒழுங்காக வேலை செய்யும் ஹீட்டருக்கு 82 தாராளம். வாங்கியதைப் பூட்டுவதற்கு முன் சட்டித் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்து எத்தனையில் திறக்கிறது என்று பாருங்கள். புதிதிலேயே திறக்காதவற்றையும் பார்த்திருக்கிறேன். மூடியையும் மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டிக்கு 10 பிஎஸ்ஐ அழுத்தம் பிடிக்கும் மூடி.

கொழும்புத் தெற்கு | ஜனவரி 14, இரவு 9.41

உயரத்தை நான் யோசிக்கவில்லை ஐயா. ஒப்புக்கொள்கிறேன்.

பண்டாரவளைக் காற்று | ஜனவரி 15, காலை 11.00

பொங்கல் வாழ்த்துகள். காற்று ஏறவில்லை என்று சொன்னீர்கள். எம்ஜிபி வைத்திருந்த நண்பர் ஒருவருக்கு உதவிய அனுபவத்தில் சொல்கிறேன். ஹீட்டர் பெட்டிக்குள் கோரைச் சுற்றி ஸ்பொன்ஜ் வைத்து அடைத்திருப்பார்கள். ஐம்பது வருடத்தில் அது மாவாகிவிடும். அப்புறம் காற்று கோரின் நடுவே போகாமல் ஓரமாகத் தப்பித்துக் குளிராகவே உள்ளே வரும். தண்ணீர் கொதித்தாலும் காற்று சூடாகாது. பெட்டி உட்காரும் மேடையில் இருக்கும் ஸ்பொன்ஜும் அப்படித்தான். கண்ணாடிக்குப் போகும் இரண்டு குழாய்களையும் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பாருங்கள், ஒன்றாவது கழன்று கிடக்கும்.

என் மஸ்டாவில் ஹீட்டர் வால்வே இல்லை. தண்ணீர் எப்போதும் கோரில் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு கதவுதான் சூட்டுக் காற்றையும் குளிர் காற்றையும் கலக்கும். உங்களுடையதில் எல்லாம் அந்த வால்வின் கையில் இருக்கிறது. கேபிள் முழுதாக இழுக்கிறதா என்றும் பாருங்கள். பிடி முழுதாகத் திரும்பும், வால்வு பாதிதான் திறந்திருக்கும்.

நானுஓயா ரோட்ஸ்டர் | ஜனவரி 18, இரவு 8.40

பெட்டியை வெளியே எடுத்துவிட்டேன். இந்த வேலையைப் பற்றி விவரமாக எழுதுகிறேன். பின்னால் செய்யப்போகிறவர்களுக்கு உதவும், எனக்குத் தமிழில் எங்கேயும் கிடைக்கவில்லை.

தண்ணீரை வடிக்கும்போது ரேடியேட்டரை மட்டும் வடித்தால் போதாது. எஞ்சின் பிளாக்கில் உள்ள வடிகாலைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. கம்பியால் குத்திய பிறகு செங்கல் நிறத்தில் சேறு வந்தது. ஹோஸ்களை இழுத்துக் கழற்றக் கூடாது. கோரின் பித்தளைக் குழாய் ஈயத்தில் ஒட்டியிருக்கிறது, இழுத்தால் அடியோடு வந்துவிடும். ஹோஸைப் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தேன். எப்படியும் புது ஹோஸ்தான்.

அப்புறம் விசிறி வயர்கள், காற்றுக் கதவின் கேபிள், உள்ளே கண்ணாடிக் குழாய்கள், காலடிக் காற்றுவழிகள், பெட்டியின் விளிம்பைச் சுற்றியுள்ள ஸ்குரூகள். எல்லாம் கழன்ற பிறகும் பெட்டி அசையவில்லை. பழைய ஸ்பொன்ஜ் பசை மாதிரி பிடித்திருந்தது. என் தம்பி உள்ளே இருந்து மேலே தள்ள, நான் வெளியே இருந்து ஆட்டி ஆட்டி இழுக்க, முக்கால் மணி நேரம் ஆனது. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் பெட்டியின் தகடு வளையும். பொறுமைதான் ஆயுதம்.

திறந்து பார்த்தால் ஸ்பொன்ஜ் என்று ஒன்றே இல்லை, கறுப்புத் தூள்தான். கோருக்கும் பெட்டிக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகும் இடைவெளி. கண்ணாடிக் குழாய்களில் வலது பக்கம் கழன்று கிடந்தது. ஓட்டுகிற பக்கம். மூன்று வருடமாக அந்தக் காற்று டேஷ்போர்டுக்குள்ளேயே வீணாகிக்கொண்டிருந்திருக்கிறது.

கோரை எப்படிக் கழுவுவது? வீட்டுக் குழாயை நேராகப் பிடிக்கலாமா?

ஹட்டன் பழைய கை | ஜனவரி 19, காலை 6.20

வேண்டாம். மலையில் மேலே தாங்கி இருந்து கீழே வரும் குழாயின் அழுத்தம் சில வீடுகளில் ரேடியேட்டர் மூடி பிடிக்கும் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. பழைய கோர் அதைத் தாங்காது. வாளியை மேசை மேல் வைத்து, ஹோஸ் வழியாக விழும் தண்ணீர் போதும். வழக்கமாகத் தண்ணீர் வெளியே வரும் பக்கத்திலிருந்து உள்ளே விடுங்கள். அடைப்பு வந்த வழியே திரும்பிப் போகும்.

நம் மலைத் தண்ணீர் மென்மையானது. யாழ்ப்பாணம், அநுராதபுரம் பக்கத்து வண்டிகளில் வருவது மாதிரி சுண்ணாம்பு படியாது. உங்களுடையது இரும்பு பிளாக்கின் துரு. சிட்ரிக் அசிட் தூள், லீட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி, சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். இரவு முழுக்க வைக்காதீர்கள், ஈயத்தையும் தின்னும். வடித்துவிட்டு அப்பச்சோடா கரைத்த தண்ணீர் ஒருமுறை, பிறகு வெறும் தண்ணீர் தெளியும் வரை.

கழுவிய பிறகு ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கம் சைக்கிள் பம்ப் வைத்து, பேசினில் முக்கி 10 பிஎஸ்ஐ வரை மட்டும் காற்று அடியுங்கள். குமிழி வருகிறதா பாருங்கள். கழுவுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. ஓட்டையைத் துருவே அடைத்துக்கொண்டிருக்கும், பொய்ச் சான்றிதழ் கிடைக்கும்.

நானுஓயா ரோட்ஸ்டர் | ஜனவரி 21, இரவு 7.15

மூன்று முறை கழுவினேன். முதல் தண்ணீர் பிளேன்டீ நிறம், கடைசி தண்ணீர் குடிக்கும் தண்ணீர் மாதிரி. கழுவுவதற்கு முன் ஒரு லீட்டர் இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. இப்போது இருபது விநாடி.

பம்ப் வைத்தேன். மேல் தொட்டியும் குழாயும் சேரும் இடத்தில் ஊசிமுனை அளவு குமிழி, ஐந்தாறு விநாடிக்கு ஒன்று. கண்ணாடிப் படலத்தின் காரணம் இதுதான். கராஜில் கோர் ஒழுகுகிறது என்று சொன்னதும் முழுப் பொய்யில்லை என்று இப்போது எழுத வேண்டும்.

புதிது வாங்குவதா, இதை ஈயம் வைத்துப் பற்றவைப்பதா?

ஹட்டன் பழைய கை | ஜனவரி 21, இரவு 8.00

குழாய்த் தட்டுகள் பச்சை அரிப்பு இல்லாமல் உறுதியாக இருக்கின்றனவா? விரலால் அமுக்கினால் செதில்கள் உதிராமல் இருந்தால் பற்றவையுங்கள். பித்தளைக்கு ஈயம் நன்றாகப் பிடிக்கும், அந்தக் கோர் இன்னும் இருபது வருடம் உழைக்கும். செதில் உதிர்ந்தால் காசை வீணாக்காமல் புதிது. ரேடியேட்டர் வேலை செய்யும் பாஸ் ஒருவரிடமே கொடுங்கள். பெரிய பர்னரை வைத்து ஒரு இடத்தைச் சூடாக்கினால் பக்கத்து இணைப்பு இளகிவிடும், அதற்குக் கை பழக்கம் வேண்டும்.

நானுஓயா ரோட்ஸ்டர் | ஜனவரி 28, இரவு 9.05

வெலிமடையில் ஒரு வயதான ரேடியேட்டர் பாஸ் பற்றவைத்துக் கொடுத்தார். என் முன்னாலேயே தண்ணீரில் முக்கிக் காட்டினார், ஒரு குமிழி இல்லை. "இந்த மாதிரி கோர் கையில் எடுத்து வருடக்கணக்காகிவிட்டது" என்று காசு குறைத்துத்தான் வாங்கினார். வால்வும் தெர்மோஸ்டாட்டும் கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடிக் கிடைக்காமல், வெளியிலிருந்து வரவழைத்த நண்பர் ஒருவரிடம் வாங்கினேன். தெர்மோஸ்டாட் சட்டியில் 83 பாகையில் திறந்தது.

ஸ்பொன்ஜுக்கு உடற்பயிற்சி செய்யும் பாயை வெட்டினேன். தண்ணீர் உறிஞ்சாது, அழுத்தினால் திரும்ப எழும்பும். கோரைச் சுற்றி நான்கு பக்கமும், பெட்டியின் அடியிலும் வைத்தேன்.

தண்ணீர் நிரப்பும்போது நம் ஊரின் சாய்வு உதவியது. வீட்டு வாசல் ஏற்றத்தில் மூக்கு மேலே இருக்க நிறுத்தி, வால்வை முழுதாகத் திறந்து, கோரிலிருந்து திரும்பும் ஹோஸைக் கழற்றி வைத்துக்கொண்டு ஊற்றினேன். அங்கே காற்றில்லாமல் தண்ணீர் வந்ததும் மாட்டிவிட்டேன். வெறும் தண்ணீர் இல்லை, மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், பித்தளைக்கும் ஈயத்துக்கும் ஒத்துக்கொள்ளும் பழைய வகை.

இன்று காலை ஐந்தரைக்கு அம்மாவோடு புறப்பட்டேன். ஊசி ஏழு நிமிடத்தில் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. காலடிக் காற்றில் சமையல் வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தேன், 54 பாகை. வேலைக்கு முன் 29. கண்ணாடியின் அடியில் இரண்டு பிறை மாதிரித் தெளிந்து, மேலே ஏறி, பிளாக்பூல் வருவதற்குள் முழுக் கண்ணாடியும் தெளிவு. அம்மா கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஹட்டன் பழைய கை | ஜனவரி 28, இரவு 9.30

அந்தக் கடைசி வரியை வீட்டில் வாசித்துக் காட்டினேன் தம்பி.

ஒரு வாரம் கழித்து எல்லாக் கிளிப்பையும் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு சுற்று இறுக்குங்கள். புது ஹோஸ் அமர்ந்து கொடுக்கும். கூலன்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைச் சிறுவனாக இருந்தபோது வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறேன். 1934இல் ஆரம்பித்த பந்தயம். இந்த மாதிரி வண்டிகள் அந்த வளைவில் ஏறும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வருவேன். உங்கள் வண்டியைப் பார்க்க வேண்டும்.

கொழும்புத் தெற்கு | ஜனவரி 29, காலை 10.15

என் வண்டியில் சேர்த்து வைத்த ஹோஸ்களை நேற்றுப் பிரித்தேன். ஏப்ரலில் நானும் மேலே வருவதாக இருக்கிறேன், ஹீட்டரோடு. சல்லடையில் தண்ணீரும் ஊற்றிப் பார்த்தேன், பாதி அடைப்பு.

ராகலைப் பொடியன் | ஜனவரி 29, மாலை 4.50

அண்ணே, அந்தப் பாய் எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு? சித்தப்பாவின் லொறி ஹீட்டர் பெட்டியிலும் ஸ்பொன்ஜ் மாவாகிக் கிடக்கிறது, இன்று திறந்து பார்த்தோம்.

நானுஓயா ரோட்ஸ்டர் | ஜனவரி 29, மாலை 6.20

10 மில்லிமீட்டர் தம்பி. கோரைச் சுற்றி ஒரு அடுக்கு, இடைவெளி அதிகமான இடத்தில் இரண்டு. முக்கால் பாய் மிச்சம் இருக்கிறது. நானுஓயாப் பக்கம் வரும்போது வீட்டில் வந்து எடுத்துக்கொள்.